சாப்பிட்டு வந்து சொல்கிறேன்

சாப்பிட்டு வந்து சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், சாதம் இறங்கவில்லை. மெஸ்ஸில் வாங்கிய தயிர்சாதம். பொட்டலத்தைப் பிரித்ததும் ஊறுகாயின் எண்ணெய் இலையோரமாக ஓடிச் சாதத்துக்குள் இறங்கிவிட்டது. மஞ்சளும் சிவப்பும் கலந்த அந்த நிறம் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். புண்ணின் மேல் வைத்த பஞ்சைப் பிரித்தெடுக்கும்போது அதில் இருக்கும் நிறம். தொட்டால் ஒட்டும். இந்த அறைக்கு வக்கீல்கள் அறை என்று பலகை தொங்குகிறது, ஆனால் நுகர்வோர் ஆணையம் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் சமையலறைதான் இது. யாரோ ஒரு குடும்பம் வருஷக்கணக்காகத் தாளித்த பிசுக்கு இன்னும் சுவரில் இருக்கிறது. மூலையில் தொட்டி. எல்லோரும் கை கழுவிக் கழுவி அது அடைத்துக்கொண்டது, யாரும் எடுத்துவிடுவதில்லை, சோற்றுப் பருக்கைகள் ஊதி வெளுத்துத் தண்ணீரில் மிதக்கின்றன. அதைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்றால் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், ஜன்னலைப் பார்த்தால் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் பொன்சீலி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இரண்டு கையையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேலே இருப்பது அவளுடைய வலது கை. கீழே இருப்பது ஊனமுற்றோர் முகாமில் இலவசமாகக் கொடுத்த ரப்பர் கை. அது அவளைவிட வெளுப்பு. "எங்க வீட்டுலேயே நிறமான ஆளு இதுதான் சார்" என்று முதன்முதலில் மாட்டிக்கொண்டு வந்த அன்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இதைப் போட்டுக்கொண்டு ஆணையத்துக்கு வராதே என்று சொல்ல வேண்டுமே என்று யோசித்தேன். அந்த யோசனை எனக்குள் எங்கிருந்து எழுந்துவருகிறதோ அந்த இடம் இந்தத் தொட்டியைப் போலத்தான் இருக்கும்.

சார், கழட்டணுமா. அதுதான் கேட்டாள். காலையில் வந்ததும் கேட்கவில்லை, அம்மா பாக்கியத்தாய் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, இடைவேளைக்கு எழுந்தபோது பக்கத்தில் வந்து கேட்டாள். "அவங்க வந்திருக்காங்க சார். இது இல்லாம என்னைப் பார்த்ததில்ல." அவங்க என்றால் ரூபன். வருகிற மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, நகக்கண்ணில் மட்டும் எண்ணெய்க் கறுப்போடு வந்திருக்கிறான். அவனுக்கு விஷயம் தெரியும். தெரிவது வேறு. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை இருந்து பிறகு ஒன்றும் இல்லாமல் முடிகிற அந்த இடத்தை, தையல் போட்ட தோல் உள்பக்கமாகச் சுருங்கி ஒரு வாய் மாதிரி மூடியிருப்பதை, முன்பின் தெரியாத மூன்று பேர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கும்போது, கூடத்தின் பின்னாலிருந்து அவனும் பார்ப்பது வேறு. எனக்குப் பதில் தெரியும். இரண்டு பதிலும் தெரியும். மதியத்துக்கு மேல் கடைசி வாதம், ஆணையத் தலைவர் புதிது, இவர் இதுவரை பார்த்ததில்லை. கையை மாட்டிக்கொண்டு போனால் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். கழற்றிவிட்டுப் போனால் அது வழக்கு. சாப்பிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்குப் பசி இல்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்தாள், மணிக்கட்டில் எலும்பு விலகியிருந்தது, அவ்வளவுதான் காயம். டாக்டர் ஆத்மநாதன் மாவுக்கட்டு போட்டார். இறுக்கிப் போட்டுவிட்டார். பிள்ளை அழுகிறது, விரல் நீலமாகிறது என்று பாக்கியத்தாய் மறுபடி மறுபடி போய்ச் சொல்ல, கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், கையைத் தூக்கி வை என்று நர்ஸ் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்து விறைத்துப்போயிருந்தன, முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். யாராவது ஒருவர் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். கட்டைக் கத்தியால் கீறிவிட்டிருந்தால் போதும். இதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், சொல்லிச் சொல்லி இந்த வாக்கியத்தில் சாரமே இல்லை, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது மட்டும் மிச்சம். தகப்பன் தவசிமுத்து உப்பளத்திலிருந்து நேராக என் ஆபீசுக்கு வந்தான், வெடித்த பாதத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பிள்ளையை முன்னால் தள்ளி நிறுத்தினான். நான் பார்த்தேன். பார்த்ததும் மனதுக்குள் ஒரு சொல் வந்தது. நல்ல கேஸ். அன்று சாயங்காலம் நண்பர்களிடம் வாய்விட்டே சொன்னேன், நல்ல கேஸ் ஒன்று வந்திருக்கிறது என்று. டாக்டர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், எதிரில் நின்று குறுக்கு விசாரணை செய்து செய்து அவர்கள் பேச்சு எனக்குத் தெரியும், அழுகல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல கேஸ். ஒரே இலையில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். தவசிமுத்து இப்போது இல்லை. தீர்ப்பு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

ஆணையத்தில் ஒரு வழக்கம் உண்டு, சட்டத்தில் எழுதாத வழக்கம். தலைவர் ஓய்வு பெற்றுப் போவார், அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும், தூசி படியும், பிறகு புதியவர் வருவார், வாதத்தை முதலிலிருந்து கேட்பார். முதலிலிருந்து என்றால் கையும் முதலிலிருந்து. "கையைக் காட்டச் சொல்லுங்க." முதல் தலைவருக்கு அவள் பாவாடை சட்டையில் காட்டினாள். இரண்டாமவருக்குக் கல்லூரியிலிருந்து வந்து, ரப்பர் கையைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டினாள். இவர் மூன்றாமவர். எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான், இந்த ஊரில் எந்த வக்கீலும் சொல்லிக்கொடுப்பதுதான், சொல்லிக்கொடுக்காதவனுக்கு வேலை தெரியாது என்று பேர். முழுக்கைச் சட்டை வேண்டாம். துணியை இரண்டு மடிப்பாகச் சுருட்டி ஊக்கு குத்திக்கொள், ஊக்கு வெளியே தெரியக்கூடாது. கேட்பதற்கு முன்னால் காட்டாதே, நடிப்பு என்பார்கள். கேட்டதும் உடனே காட்டு, தயங்கினால் மறைக்கிறாள் என்பார்கள். அழாதே, அழுகை வந்தாலும் முகத்தைத் துடைக்காதே. விபத்து வழக்குக்காரர்கள் முக்கு டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்து வருவார்கள், டீக்கடைக்காரனிடம் அதற்கென்றே கம்புகள் இருந்தன. ஒரு தடவை கம்பு தீர்ந்துபோய்விட்டது. அன்று எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நொண்டாத கால் நொண்டுவதிலாவது ஒரு விளையாட்டு இருக்கிறது. இந்தப் பெண்ணின் கை நிஜமாகவே இல்லை, இல்லாத கையை இன்னும் இல்லாததாக்கிக் காட்டச் சொல்கிறோம். டைப் பழகப் போகட்டுமா சார் என்று கேட்டாள், ஒற்றைக் கையால் அடிக்கலாமாம், சொல்லித்தருகிறார்களாம். கேஸ் முடியட்டும்மா என்றேன். கடையில் கணக்கெழுத வேலை இருக்கிறது என்றாள். கேஸ் முடியட்டும்மா. கல்யாணம் என்று பாக்கியத்தாய் வந்து நின்றபோதும் அதே வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, விழுங்கினேன், அந்த அம்மாளே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனியும் எங்க வக்கீலய்யா தள்ளிப்போட" என்றாள்.

"என்ன அண்ணாச்சி, தயிர்சாதத்தோட பேசிக்கிட்டு இருக்கிய?" என்று கூடலிங்கம் அடுக்குப் பாத்திரத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்தான். டாக்டர் தரப்பு வக்கீல். என்னிடம் ஜூனியராக இருந்தவன், இப்போது ஆஸ்பத்திரிகள் எல்லாம் அவனிடம். மீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் அந்த வாடை பிசுக்குச் சுவர் வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. நெய்மீன் துண்டைப் பிட்டு முள்ளை எடுத்து மேசைவிளிம்பில் வரிசையாக வைக்கிறான், சுத்தமான வேலை, விரல் முழுக்கச் சிவப்பு. "ஒரு துண்டு எடுங்க. அக்கா போனபெறவு நீங்க மீனையே கண்ணால பாத்திருக்க மாட்டிய." வேண்டாம் என்றேன். "உங்க கட்சிக்காரிக்குக் கல்யாணமாம்லா?" என்றான். ஆமாம் என்றேன். "பாத்தேன், பாத்தேன். மாப்பிள்ளை நல்ல பையனாத்தான் தெரியுதான். பிள்ளை நகத்துக்கெல்லாம் சாயம் போட்டுல்லா வந்திருக்கு. ரெண்டு கைக்கும் போட்டிருக்கு அண்ணாச்சி! ரப்பர் நகத்துக்கும்!" சிரித்ததில் ஒரு பருக்கை பறந்து என் பொட்டலத்தின் ஓரத்தில் விழுந்தது. "வாழ்க்கையே இருண்டுபோச்சுன்னு மனுவுல எழுதியிருக்கிய. இருட்டுல எப்படி அண்ணாச்சி இவ்வளவு நேர்த்தியாப் பூச முடியும்? நான் கேக்கணும்லா. கேக்காம விட்டா அந்த டாக்டர் என்னை விடுவாரா?" கேளேன் என்றேன். "கோவப்படாதிய. நீங்க சொல்லித்தந்ததுதான. எதிராளி சிரிச்சா அதையும் குறிச்சு வைடான்னு." நான் சொன்னேனா. சொல்லியிருப்பேன். அந்தப் பருக்கையை எடுத்துப் போடலாம், எடுத்துப்போட என் விரல் அதைத் தொட வேண்டும். இலையை மூடிவிட்டேன்.

நகச்சாயத்தை நானும் காலையிலேயே பார்த்தேன். குங்குமத்தில் கொஞ்சம் கறுப்புக் கலந்தால் வருமே, அந்த நிறம். வலது கையை எப்படிப் பூசியிருப்பாள்? இடது கையால் பிடிக்க முடியாது. அம்மா பூசிவிட்டிருக்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை. ரப்பர் கையைக் கழற்றி மடியில் வைத்துத் தானே பூசியிருப்பாள். கோட்டுக்கு வெளியே போகாமல் பூசியிருந்தது. பார்த்தவுடன் எனக்கு வந்தது பயம், கூடலிங்கம் பார்த்துவிடுவானே என்ற பயம், அதற்குப் பிறகுதான் அழகாக இருக்கிறது என்று தோன்றியது, அந்த வரிசை எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என் மனைவி சௌந்தரத்துக்கு இதெல்லாம் பிடிக்காது. நகத்தில் சாயம் அல்ல, என் தொழில். ஆபீஸ் அறையில் புகைப்பட ஆல்பங்கள் இருக்கும், தொடை, வயிறு, சீழ் கோத்த தையல், எல்லாம் நான் எடுத்தது, இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா, வெளிச்சத்துக்குத் திரும்பு. வீடெல்லாம் தூசி தட்டுவாள், அந்த அலமாரியை மட்டும் தொடமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் சாப்பாடு கிடையாது. "சாப்பிடுற கையால அதையெல்லாம் தொட்டுட்டு வாரீங்க" என்பாள். கை கழுவிட்டேன் என்றால், "கண்ணையும் கழுவணும்" என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். வேடிக்கையாகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வயிற்றுவலி வந்தது ஒரு பகல் வேளையில். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, அவர்கள்மீது நான் வழக்குப் போட்டதில்லை, போடாத ஆஸ்பத்திரி அது ஒன்றுதான் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். இளவயது சர்ஜன், நல்ல கைகள், அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தான், குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே திறந்துவிடலாம் என்றான். பிறகு என் பேரை எழுதினான். எழுதியவன் நிமிர்ந்து, "சார், நீங்க அந்த வக்கீல் சாரா?" என்றான். அந்த முகத்தில் ஒரு ஷட்டர் இறங்கியது. உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். இன்னொரு ஸ்கேன் எடுத்திரலாம் என்றான். எடுத்தார்கள். இதய டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றான். சொன்னார். "எதுக்கு சார் ரிஸ்க்கு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றான். ஒவ்வொன்றையும் கேஸ் சீட்டில் எழுதினார்கள், நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு, என்னிடமும் கையெழுத்து வாங்கி. அதை வாங்கிப் படித்தேன். ஒரு குறை சொல்ல முடியாத சீட்டு. இப்படி எழுத வேண்டும், எழுதாவிட்டால் விடமாட்டேன் என்று எத்தனை டாக்டர்களைக் கூண்டில் வைத்துக் கேட்டிருக்கிறேன், கடைசியில் கற்றுக்கொண்டார்கள். அவள் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, "என்ன படிச்சிக்கிட்டே இருக்கீங்க, என்னையப் பாருங்க" என்றாள். பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி சீட்டைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் கோவில்பட்டி தாண்டும்போது என் கையைப் பிடித்திருந்த கை பிடியை விட்டது, மதுரை போவதற்குள் முடிந்துவிட்டது, ஆனால் கை ரொம்ப நேரம் சூடாக இருந்தது. சூடாக இருக்கிற கையைப் பிடித்துக்கொண்டு மனம் என்ன செய்தது? எந்த நிமிஷம் என்று குறித்துக்கொள்ளப் பார்த்தது. வழக்குக்கு வேண்டியிருக்கும் என்று. துக்கம் கேட்க வந்த வக்கீல்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "கேஸ் போடுங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்" என்றார்கள். யார்மீது? அந்தப் பையன் பயந்தான். பயப்படக் கற்றுக்கொடுத்தது யார்? ஆனால் பயப்படாத ஆத்மநாதன் ஒரு பிள்ளையின் விரலைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லையே. இந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் எப்போதும் நின்றுவிடுகிறது, செக்கு மாடு போலத் திரும்ப முதலிலிருந்து புறப்படுகிறது, விரல், கட்டு, ஷட்டர், சீட்டு, கை.

கூடலிங்கம் சாப்பிட்டு முடித்துத் தொட்டியில் கை கழுவினான், முட்களும் அங்கேயே போயின. தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது. "வாங்க அண்ணாச்சி, கூப்பிட்டுருவாக" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். நான் சொல்லப்போவது இதுதான். வேண்டாம்மா, மாட்டிக்கொண்டே வா. கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். மருத்துவக் குழுவின் சான்று இருக்கிறது, படம் இருக்கிறது, இரண்டு தலைவர்கள் பார்த்துக் குறித்த குறிப்பு இருக்கிறது. நகச்சாயத்தைப் பற்றிக் கூடலிங்கம் கேட்டால் கேட்கட்டும், கை போன பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். தோற்றால் தோற்கட்டும். தோற்றால் தோற்கட்டும் என்று யாருடைய வழக்கை வைத்துச் சொல்கிறேன்? அவளுக்கு விரல் மடங்குகிற கை வேண்டும், தோசைக்கரண்டியைப் பிடிக்கிற கை, அது முகாமில் கிடைக்காது, இந்தத் தீர்ப்பு வந்தால்தான் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். பொட்டலத்தைச் சுருட்டினேன், கை கழுவ அந்தத் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன், துடைத்த பிறகும் ஊறுகாய் மணம். வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் வேப்பமரத்தடி பெஞ்சில் ரூபன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பை, யாரும் படிக்காத அறிவிப்பை, ஊன்றிப் படித்துக்கொண்டிருக்கிறான்.

பொன்சீலியும் அம்மாவும் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தார்கள். சுடிதாரின் இடது கைத்துணி இரண்டு மடிப்பாகச் சுருட்டப்பட்டிருந்தது. ஊக்கு வெளியே தெரியவில்லை. பாக்கியத்தாயின் கையில் துப்பட்டாவில் சுற்றி ஏதோ இருந்தது, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "வேண்டாம்மா. மாட்டிக்கோ" என்றேன். "பரவால்ல சார். தோள்பட்டை எல்லாம் இழுத்துக் கட்டணும், நேரமாகும்" என்றாள். "நான் வந்து சொல்றேன்னு சொன்னேன்லா?" என்றேன், என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. "நீங்க சாப்பிடப் போனப்பவே தெரிஞ்சிட்டு சார்" என்றாள். "வேண்டாம்னா அங்கேயே சொல்லியிருப்பீங்க." உள்ளேயிருந்து டவாலி வழக்கைக் கூப்பிட்டார். அவள் அம்மாவிடமிருந்து அதை வாங்கி, துப்பட்டாவை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க சார். அம்மாவுக்குக் கை நடுங்கும், கீழே போட்டுருவா" என்று என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், அவள் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. ரூபன் எழுந்து நின்றான். அவன் கண் ஒரு முறை அந்த இடத்துக்குப் போய், வேறெங்கோ போய், திரும்ப அங்கேயே வந்து நின்றது. அவள் அவன் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள். அவன் என்னைத் தாண்டிக்கொண்டு பின்னாலேயே போனான், கடைசி வரிசையில் உட்காருவான் என்று நினைத்தேன், எங்கே உட்கார்ந்தான் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வணங்கினேன். "ஆரம்பிங்க" என்றார் தலைவர். வழக்குக் கட்டின் நாடாவை அவிழ்க்க இரண்டு கை வேண்டும். மேசையில் கூடலிங்கத்தின் புத்தகங்கள் பரந்து கிடந்தன, ரப்பர் கையை நாற்காலியில் வைக்க மனம் வரவில்லை, தரையில் வைக்க முடியாது. கூடலிங்கம் பக்கத்தில் வந்து, கேலி எதுவும் இல்லாமல், "இங்க தாங்க அண்ணாச்சி, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று மெல்லச் சொல்லிக் கையை நீட்டினான். அவன் விரலில் மீன் வாடை. கொடுக்கவில்லை. கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஐந்து விரலும் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, நகங்கள் எல்லோரையும் பார்த்தபடி. தலைவர் அதைப் பார்த்தார், உறுப்பினர்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள். நாடா முடிச்சு விழுந்திருந்தது, என் விரல் வழுக்கியது. "கையைக் காட்டச் சொல்லுங்க" என்றார் தலைவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தூக்கிக் காட்டினாள். கேட்டதும், உடனே. என் விலாவில் அந்தக் கையின் சூடு இன்னும் ஆறவில்லை.